தவிட்டு எண்ணெயும் திட வினையூக்கியும்

செங்குன்றத்து அரவை ஆலைகளில் நெல் அரிசியாகும்போதே தவிட்டுக்குள் ஒரு வேதிவினை தொடங்கிவிடுகிறது. அரிசிமணியின் மேலுறையில் எண்ணெய் ஓரிடத்திலும், அந்த எண்ணெயை உடைக்கக்கூடிய லைபேஸ் என்ற நொதி வேறிடத்திலும் இருக்கின்றன. நெல் முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. ஆலை அந்த உறையைத் தீட்டி எடுத்ததும் தடுப்புகள் உடைந்து நொதி எண்ணெயோடு கலக்கிறது. பச்சரிசித் தவிட்டை அப்படியே மூட்டைகட்டி வைத்தால், அதன் எண்ணெயில் நாளொன்றுக்கு 5 சதவீதமோ அதற்கு மேலோ கொழுப்பு அமிலம் பிரிந்து சேரும். புழுங்கல் தவிட்டில், நெல்லை அவித்தபோதே நொதி செயலிழந்திருப்பதால் இந்த வேகம் மிகக் குறைவு. ஆனாலும் ஈரக்காற்றில் கிடங்கில் காத்துக்கிடக்கும் தவிடு எதுவானாலும் அதன் எண்ணெய் கெட்டுக்கொண்டுதான் இருக்கும்.

அமிலம் ஏறிய எண்ணெயைச் சமையலுக்கு ஏற்றபடி சுத்திகரிப்பது கட்டுப்படியாகாது. பாதி எண்ணெய் சோப்பாகவும் கழிவாகவும் போய்விடும். அதனால் அது சோப்புத் தொழிலுக்கோ எரிபொருளுக்கோ போகிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் இந்த எண்ணெய்க்கு மூலமும் உண்டு, எரிக்கும் இடமும் உண்டு. செங்குன்றத்தில் நெல் மண்டியும் அரிசி ஆலைகளும். அங்கிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. கம்பி உருட்டும் ரோலிங் மில்கள், வார்ப்படச் சாலைகள், நீராவி வேண்டும் ரசாயன ஆலைகள். கம்பியாக உருட்டும் முன் இரும்புக் கட்டியைச் செக்கச்செவேலென்று காய்ச்சும் உலைக்கும், பாய்லருக்கும் பர்னஸ் ஆயில் காலங்காலமாகப் பழகிய எரிபொருள். அதில் கந்தகம் 3.5 முதல் 4.5 சதவீதம் வரை இருக்க இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கிறது. தில்லியைச் சுற்றியுள்ள மாநிலங்களில் இந்த எண்ணெயை எரிக்க 2017-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததற்கு இந்தக் கந்தகமே காரணம். தாவர எண்ணெயில் கந்தகம் இல்லை என்றே சொல்லலாம். பர்னஸ் ஆயில் கிலோவுக்கு ஏறத்தாழ 10,000 கிலோகலோரி தரும் என்றால் தாவர எண்ணெய் 9,000 தரும். குறைவுதான், ஆனால் உலை எரிய அது போதும்.

அப்படியானால் உலைக்காரர்கள் ஏன் அள்ளிக்கொண்டு போகவில்லை? விலை ஒரு காரணம். இன்னொன்று அமிலம்.

எண்ணெய் வாங்க வருகிறவர் நிறத்தையோ மணத்தையோ பார்க்குமுன் கேட்கும் கேள்வி, “எஃப்.எஃப்.ஏ. எவ்வளவு?” என்பதுதான். கிளிசரினோடு பிணைந்திராமல் தனியாகத் திரியும் கொழுப்பு அமிலத்தின் சதவீதம் அது. ஆய்வகத்தில் இதை அளப்பது எளிது. எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்து, பினால்ப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, இளஞ்சிவப்பு நிறம் நிலைக்கும்வரை பொட்டாசியம் ஹைட்ராக்சைடை விடவேண்டும். ஒரு கிராம் எண்ணெய்க்கு எத்தனை மில்லிகிராம் தேவைப்பட்டதோ அதுதான் அமில எண். அதில் ஏறத்தாழ பாதி எஃப்.எஃப்.ஏ. சதவீதம். அமில எண் 40 என்றால், எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அமிலம். இந்தியாவின் பயோடீசல் தரம் (ஐ.எஸ். 15607) அனுமதிப்பது 0.5 மட்டுமே. கப்பல் எரிக்கும் கனரக எண்ணெய்க்கே சர்வதேச வரம்பு 2.5.

கொழுப்பு அமிலம் கந்தக அமிலம்போல் உடனே அரிப்பதில்லை. பம்பு, வால்வு, பர்னர் நாசி ஆகியவற்றிலுள்ள பித்தளை, செம்பு, துத்தநாகப் பாகங்களோடு அது மெதுவாகச் சேர்ந்து உலோகச் சோப்பாகிறது. வழவழப்பான அந்தச் சோப்பு வடிகட்டியை அடைக்கிறது. எண்ணெய் சூடாக இருக்கும்போது இது இன்னும் வேகமாக நடக்கும். தாவர எண்ணெயைத் தூவ வசதியாகச் சூடாக்கித்தான் பர்னருக்கு அனுப்புகிறார்கள். சில வாரங்கள் நன்றாக எரிந்த பர்னர் திடீரென்று புகைவிடத் தொடங்கினால் காரணம் பெரும்பாலும் எண்ணெய்த் தொட்டியில்தான் இருக்கும்.

அமிலத்தை அழிக்கப் பழைய வழி காரம். ஒரு டன் எண்ணெயில் 20 சதவீதம் அமிலம் இருந்தால், அதாவது 200 கிலோ, அதை நடுநிலையாக்க 28 கிலோ காஸ்டிக் சோடா போதும். ஆனால் கிடைப்பது 200 கிலோவுக்கு மேற்பட்ட சோப்பு. அது போகும்போது நல்ல எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போகும். பயோடீசல் தயாரிப்பிலும் இதே தொல்லைதான். எண்ணெயையும் மெத்தனாலையும் காஸ்டிக் சோடாவின் துணையோடு சேர்த்து பயோடீசலும் கிளிசரினும் பெறுவது வழக்கமான முறை. எண்ணெயில் அமிலம் ஒரு சதவீதத்தைத் தாண்டினாலே சோப்பு நுரைத்து, பயோடீசலும் கிளிசரினும் பிரியாமல் கலங்கி நிற்கும்.

அதனால் முதல் கட்டத்தில் கந்தக அமிலத்தை வைத்து, கொழுப்பு அமிலத்தையே மெத்தனாலோடு சேர்த்து எஸ்டராக, அதாவது பயோடீசலாக, ஆக்கிவிட்டு, இரண்டாம் கட்டத்தில் காரத்துக்குப் போகும் வழியை இந்திய ஆய்வாளர்கள் கையாண்டார்கள். 2005-ல் கோழிக்கோடு என்.ஐ.டி.யில் ராமதாஸ், ஜெயராஜ், முரளீதரன் மூவரும் 17 சதவீத அமிலம் கொண்ட ரப்பர் விதை எண்ணெயை இப்படிப் பயோடீசலாக்கினார்கள். அதே ஆண்டு கரக்பூர் ஐ.ஐ.டி.யில் காட்கேயும் ரஹ்மானும் 19 சதவீத அமிலம் இருந்த இலுப்பை எண்ணெயை ஒரு சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தார்கள். நல்ல ஆய்வுகள். எண்ணெய் வீணாகவில்லை, அமிலமே எரிபொருளாக மாறியது.

ஆனால் வேலை முடிந்த கந்தக அமிலம் எங்கே போகிறது? கொழுப்பு அமிலத்தின் எடையில் 5 சதவீதம் கந்தக அமிலம் சேர்த்ததாக வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன ஒரு டன் எண்ணெய்க்கு 10 கிலோ. அதை நடுநிலையாக்க 8 கிலோவுக்குச் சற்று மேல் காஸ்டிக் சோடா. விளைவு, பதினான்கரை கிலோ சோடியம் சல்பேட். நாளைக்கு 10 டன் எண்ணெய் கையாளும் சிறு ஆலையில் ஆண்டுக்கு 300 வேலைநாள் என்று கணக்கிட்டால் 43 டன்னுக்கு மேல் உப்பு. இது உலர்ந்த உப்பாக வராது. மெத்தனாலும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த கழுவுநீராக வரும்.

கும்மிடிப்பூண்டியில் இந்த உப்பு சின்ன விஷயமல்ல. சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டின் மிகப் பெரிய உவர்நீர்க் காயல். ஆரணியாறு அதில்தான் போய்ச் சேர்கிறது. தெற்கே கொசஸ்தலை ஆறு எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போகிறது. அதன் கரையை ஒட்டிய மணலி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் வெளியிட்ட கடும் மாசுப் பகுதிகளின் பட்டியலில் இடம்பெற்றது. அபாயகரமான தொழிற்கழிவுகளைப் புதைக்கும் நிலையம் ஒன்றும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. மாசு குறைந்த எரிபொருள் என்று சொல்லிக்கொண்டு இன்னொரு கழிவுநீர்க் குழாயை இந்த மண்ணில் திறப்பதில் எந்த நியாயமும் இல்லை. புகையில் கந்தகத்தைக் குறைத்துவிட்டு அதைச் சல்பேட்டாக நிலத்தடி நீருக்கு அனுப்பினால் யாருக்கு லாபம்?

திட வினையூக்கி இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. வினையூக்கி என்பது வினையை விரைவுபடுத்திவிட்டுத் தான் செலவழியாமல் நிற்பது. கந்தக அமிலமும் செலவழிவதில்லைதான். ஆனால் அது எண்ணெயிலும் மெத்தனாலிலும் கரைந்து கலந்துவிடுகிறது. குழம்பில் போட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியாது, கரண்டியை எடுத்துவிடலாம். அமிலத் தன்மையை ஒரு திடப்பொருளின் மேற்பரப்பில் கட்டிவைத்துவிட்டால், எண்ணெய் அதைத் தொட்டு, வினை முடித்து, தன் வழியே போய்விடும். நடுநிலையாக்க எதுவும் இல்லை. கழுவவும் தேவையில்லை, உப்பும் வராது.

இதற்கு ஒரு சான்று கும்மிடிப்பூண்டியின் பாய்லர் கூடங்களிலேயே ஏற்கெனவே நிற்கிறது. கடின நீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் தொட்டிக்குள் இருக்கும் பழுப்பு மணிகள் பாலிஸ்டைரீன் பிசினால் ஆனவை. அவற்றின் மேல் சல்போனிக் தொகுதிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. கந்தக அமிலத்தின் செயல்படும் பகுதி அதுதான். சாஃப்ட்னரில் அந்தத் தொகுதிகள் சோடியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். சோடியத்துக்குப் பதில் ஹைட்ரஜன் அயனியை ஏற்றி, எண்ணெய் மூலக்கூறுகள் நுழையப் பெரிய துளைகளும் வைத்தால் அது திட அமிலமாகிவிடுகிறது. ஆம்பர்லிஸ்ட்-15 என்ற பெயரில் வேதியியலாளர்களுக்கு நெடுங்காலமாகப் பழக்கமான பிசின் இது. கொழுப்பு அமிலத்தை எஸ்டராக்குவதற்கென்றே தயாரித்த பிசின்களும் சந்தையில் உண்டு. உயரமான குழாயில் மணிகளை நிரப்பி, 60 முதல் 90 டிகிரிச் சூட்டில் எண்ணெயையும் மெத்தனாலையும் அதன் வழியே செலுத்துகிறார்கள். 120 டிகிரிக்கு மேல் போனால் பிசினின் சல்போனிக் தொகுதிகள் உதிரத் தொடங்கும் என்பது இதன் எல்லை.

பிசினுக்கு மாற்றுகள் பல. 2005-ல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் மிச்சிகாசு ஹராவின் குழு சர்க்கரையை அரைகுறையாகக் கரியாக்கி, அதைக் கந்தக அமிலத்தில் காய்ச்சி, சல்போனிக் தொகுதிகள் பதிந்த கரியை உருவாக்கியது; பயோடீசலுக்குச் சர்க்கரையிலிருந்து வினையூக்கி என்று நேச்சர் இதழில் அது வெளியானது. அதன்பின் மூங்கில், தேங்காய் ஓடு, உமி என்று கையில் கிடைத்த எல்லாவற்றையும் உலகின் ஆய்வகங்கள் கரியாக்கிப் பார்த்திருக்கின்றன. உமி என்றதும் செங்குன்றம் நினைவுக்கு வராமல் போகாது. ஒரே நெல்லின் உமி, அதே நெல்லின் தவிட்டு எண்ணெயைச் சீராக்கும் வினையூக்கியாகலாம். கரியைச் சல்போனேற்றம் செய்யவும் கந்தக அமிலம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு டன் எண்ணெய்க்கும் வேண்டியதில்லை. வினையூக்கி செய்யும்போது ஒருமுறை வேண்டும்.

புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் பால் ரத்னசாமியும் தர்பா ஸ்ரீனிவாஸும் சகாக்களோடு வேறொரு பாதையில் போனார்கள். இரும்பும் துத்தநாகமும் சயனைடு பிணைப்பால் கோக்கப்பட்ட இரட்டை உலோகச் சேர்மம் அவர்கள் 2006-ல் அறிவித்த வினையூக்கி. அதன் மேற்பரப்பு தண்ணீரை ஒதுக்கும்; எண்ணெயை ஏற்கும். கொழுப்பு அமிலத்தை எஸ்டராக்குவதும், எண்ணெயைப் பயோடீசலாக்குவதும் ஆகிய இரண்டையும் ஒரே கட்டத்தில் ஒரே வினையூக்கி செய்கிறது. அமெரிக்காவின் பெனிஃபியுயல் நிறுவனம் உரிமம் வாங்கியது. நம் நாட்டு எண்ணெய்களின் அமிலத்தை மனதில் வைத்துப் பிறந்த தொழில்நுட்பம் இது என்பதால் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு. அதே 2006-ல் பிரான்சின் செத் துறைமுகத்தில் துத்தநாக அலுமினேட்டை வினையூக்கியாகக் கொண்டு ஆண்டுக்கு 1,60,000 டன் பயோடீசல் தயாரிக்கும் ஆலை தொடங்கியது. கழுவுநீர் இல்லை, உப்பு இல்லை, 98 சதவீதத்துக்கு மேல் தூய்மையான கிளிசரின். ஆனால் அந்த ஆலைக்கு அமிலம் நீக்கிய நல்ல எண்ணெய்தான் தீனி. நம்முடைய பிரச்சினை அதற்கு முந்தைய படியில் இருக்கிறது.

இவ்வளவு நல்லதென்றால் இன்னும் ஏன் பரவவில்லை என்பதையும் பார்க்கவேண்டும். முதல் எதிரி தண்ணீர். கொழுப்பு அமிலமும் மெத்தனாலும் சேர்ந்தால் எஸ்டரோடு தண்ணீரும் வரும். நம் ஒரு டன் எண்ணெயில் அது 13 கிலோ. இந்த வினை இரு திசையிலும் ஓடக்கூடியது. தண்ணீர் சேரச் சேர எஸ்டர் மறுபடி அமிலமாகத் திரும்பப் பார்க்கும். அதோடு, அமிலத் தொகுதிகளைத் தண்ணீர் மூலக்கூறுகள் மொய்த்துக்கொண்டு எண்ணெயை நெருங்கவிடாது. அதனால்தான் தண்ணீரை ஒதுக்கும் மேற்பரப்புக்கு இத்தனை மதிப்பு. அதிக மெத்தனால் விடுவதும், பாதி வழியில் தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றிவிட்டு எண்ணெயை இரண்டாம் குழாய்க்கு அனுப்புவதும் இதனால்தான்.

அடுத்தது துளை. பெட்ரோலியத் தொழிலில் புகழ்பெற்ற சியோலைட்டான இசட்.எஸ்.எம்.-5-இன் துளை அகலம் அரை நானோமீட்டரை ஒட்டியது. எண்ணெய் மூலக்கூறு அதைவிடப் பெரியது. உள்ளே இருக்கும் அமில இடங்களில் பெரும்பாலானவை அதற்கு எட்டாது. 1992-ல் மொபில் நிறுவனம் அறிவித்த எம்.சி.எம்.-41, பிறகு வந்த எஸ்.பி.ஏ.-15 போன்ற அகன்ற துளைச் சிலிக்காக்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்தன. ஆனால் தொழிற்சாலை அளவுக்கு அவற்றின் விலை கனம்.

கரைந்து கசிவது இன்னும் நயவஞ்சகமான குறை. சல்பேட் ஏற்றிய சிர்க்கோனியா முதல்முறை அற்புதமாக வேலை செய்யும். ஐந்தாம் முறை பார்த்தால் மந்தம். சல்பேட் கொஞ்சம் கொஞ்சமாக மெத்தனாலில் கரைந்து போயிருக்கும். அப்படியானால் முதல்முறை வேலை செய்தது திடமா, அதிலிருந்து கரைந்த அமிலமா? இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. வினை பாதி நடந்துகொண்டிருக்கும்போதே சூட்டோடு வடிகட்டி வினையூக்கியை எடுத்துவிடவேண்டும். மீதித் திரவத்தில் வினை தொடர்ந்தால், திட வினையூக்கி என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. இந்தச் சோதனையைச் செய்யாத கட்டுரையை நான் நம்புவதில்லை.

நான்காவதுதான் திருவள்ளூர் எண்ணெய்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. சாஃப்ட்னர் கடின நீரிலிருந்து கால்சியத்தை எப்படிப் பிடிக்கிறதோ, அப்படியே திட அமிலப் பிசினும் எண்ணெயிலிருக்கும் சோடியம், கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வோர் உலோக அயனி ஏறும்போதும் ஹைட்ரஜன் அயனி இறங்கிவிடும். கடைசியில் விலை உயர்ந்த வினையூக்கி சாதாரண சாஃப்ட்னர் மணியாக நிற்கும். உணவகத்தில் பொரித்து மிஞ்சிய எண்ணெயில் உப்பு இருக்கிறது. தவிட்டு எண்ணெயில் பாஸ்பரஸ் சேர்ந்த கோந்தும் மெழுகும் இருக்கின்றன. கோந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கூடவே கொண்டுவரும், மெழுகு குளிர்ந்த இடத்தில் துளைகளை அடைக்கும். பிசினை அமிலத்தால் கழுவிப் புதுப்பிக்கலாம். ஆனால் அடிக்கடி அப்படிச் செய்தால் தவிர்க்க நினைத்த உப்புநீர் பின்வாசல் வழியாக வந்துவிடும். எனவே கோந்து நீக்குவதும், உப்பைத் தண்ணீரில் ஒருமுறை கழுவி எண்ணெயை உலர்த்துவதும், விலை மலிந்த பிசினை முன்னால் காவலுக்கு நிறுத்துவதும் அவசியம். திட வினையூக்கியின் ஆயுள் வினையூக்கியைவிட இந்த முன்வேலையில்தான் அதிகம் இருக்கிறது.

உலையில் நேரடியாக எரிக்கப்போகும் எண்ணெய்க்கு மெத்தனாலே தேவையில்லை என்பதையும் சொல்லவேண்டும். கொழுப்பு அமிலத்தைக் கிளிசரினோடு 200 டிகிரி அளவில் காய்ச்சினால் இரண்டும் மறுபடி இணைந்து எண்ணெயாகிவிடும். தண்ணீர் ஆவியாகத் தானே பிரிந்து போகும். நொதி செய்ததைத் திருப்பிச் செய்வது இது. பயோடீசல் ஆலைகளில் மிஞ்சும் மலிவான கிளிசரின் இதற்குப் போதும். துத்தநாகச் சேர்மங்கள் இதை விரைவுபடுத்துகின்றன. சூடான கொழுப்பு அமிலத்தில் துத்தநாகம் சோப்பாகக் கரையாமல் பார்த்துக்கொள்வதுதான் சவால். நச்சும் தீப்பற்றும் அபாயமும் உள்ள மெத்தனாலைச் சிறு ஆலைகள் சேமித்து வைப்பதைவிட இந்த வழி பாதுகாப்பானது. கும்மிடிப்பூண்டி உலைகளுக்கு இதுவே பொருத்தம் என்பது என் எண்ணம்.

எல்லா அமிலமும் ஒன்றல்ல. பண்ருட்டிப் பக்கத்து முந்திரி ஓட்டிலிருந்து பிழியும் எண்ணெயும் உலை எரிபொருளாகிறது. அதன் அமிலம் அனகார்டிக் அமிலம். பச்சையாகப் பிழிந்த ஓட்டு எண்ணெயில் 60 சதவீதத்துக்கு மேல் அதுதான். இதற்கு எஸ்டர் வேலை வேண்டாம். சுண்ணாம்பு போன்ற வினையூக்கியோடு, அல்லது வெறுமனே 150 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கார்டனாலாகிவிடும். ஆனாலும் கார்டனாலும் பீனால் இனம். கனரக எண்ணெயில் சொல்லாமல் கலந்து விற்றதால் கப்பல் எஞ்சின்களின் எரிபொருள் பம்புகள் பழுதான செய்திகள் அண்மை ஆண்டுகளில் வந்தன, பரிசோதனைக் கூடங்கள் எச்சரிக்கையும் விட்டன. உலைக்கு ஏற்றது எஞ்சினுக்கு ஏற்றதாக இருக்கவேண்டியதில்லை. விறகைக் காற்றின்றிச் சுட்டு எடுக்கும் எண்ணெயின் அமிலமோ அசிட்டிக், பார்மிக் வகை. அதற்கு வேறு வினையூக்கிகள், வேறு கதை.

எண்ணெய் எங்கிருந்து வரும் என்பதில் நாம் ஒருமுறை சூடு பட்டிருக்கிறோம். 2000-களில் காட்டாமணக்கை நட்டால் டீசல் கொட்டும் என்று தமிழகத்திலும் பிரச்சாரம் நடந்தது. தண்ணீரில்லாத நிலத்தில் காய்க்காத செடியை நம்பி உழவர்கள் ஏமாந்தார்கள். 2009-ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2017-க்குள் 20 சதவீதக் கலப்பு என்றது. 2018-ல் வந்த கொள்கை பயோடீசலுக்கு 2030-க்குள் 5 சதவீதம் என்று இறங்கியது. அதே 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம், பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி பயன்படுத்தக்கூடாது என்று விதித்து, அதைப் பயோடீசலுக்குத் திரட்டும் திட்டத்தையும் தொடங்கியது. இதுதான் சரியான திசை. புதிதாக நிலம் தேடவேண்டாம். சென்னை உணவகங்களின் கழிவு எண்ணெயும், ஆலைகளில் தேங்கிக் கெட்ட தவிட்டு எண்ணெயும், பாமாயில் சுத்திகரிப்பில் வடியும் கொழுப்பு அமிலமும் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்றிலும் பொதுவானது உயர்ந்த அமிலம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் 2006 முதல் தேசிய வினையூக்கி ஆய்வு மையம் இயங்குகிறது. அண்ணா பல்கலைக்கழகத்திலும், சென்னையைச் சுற்றிய பொறியியல் கல்லூரிகளிலும் திட வினையூக்கிகள்மேல் ஆய்வுகள் நடக்கின்றன. அந்த ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் வாங்கிய தூய ஓலிக் அமிலத்தில் ஐந்து சுற்றுச் சோதித்துக் கட்டுரை எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். செங்குன்றத்தில் ஒரு மாதம் கிடந்த தவிட்டின் எண்ணெயை, கோந்தோடும் மெழுகோடும் வாங்கிப்போய், குழாயில் ஆயிரம் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சூட்டோடு வடிகட்டிய சோதனையின் முடிவையும், எத்தனை மணி நேரத்தில் பிசின் ஓய்ந்தது என்பதையும் மறைக்காமல் அச்சிடுங்கள். ரோலிங் மில் முதலாளி பர்னரை மாற்றலாமா என்று முடிவெடுக்க அவருக்கு வேண்டியது அந்த ஓர் எண்தான்.